சென்னையில் ஆம்பியன்ட், டெக்னோ செய்து பிழைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி மாணவர்கள், மென்பொருள் வேலையை உதறிவிட்டு வர நினைப்பவர்கள், பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் என்று மூன்று தரப்பும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். பதில்களை எழுதி வைத்துவிட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். நான் ஆம்பியன்டும் டெக்னோவும் செய்கிறவன். இரண்டும் மின்னணு இசை வகைகள்: ஆம்பியன்ட் சூழலோடு கரையும் மெதுவான இசை, டெக்னோ நடனக் கூடத்துக்கான இயந்திரத் தாள இசை. வயிற்றுப்பாட்டுக்குக் கோடம்பாக்கத்தில் சினிமா இசைக்குப் புரோகிராமிங், அதாவது கணினியில் ஒலிகளை அமைக்கும் வேலை, செய்கிறவன். கீழே இருப்பதை அந்த இரண்டு நாற்காலிகளிலிருந்தும் எழுதியிருக்கிறேன்.

ஆம்பியன்ட் ஒரு துருவம், டெக்னோ இன்னொரு துருவம் அல்லவா? ஒரே ஆள் ஏன் இரண்டையும் செய்கிறார்?

வெளியிலிருந்து கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஒன்றில் தாளமே இருக்காது, மற்றதில் தாளத்தைத் தவிர எதுவும் இருக்காது. ஆனால் மேசையில் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே வேலைதான். ஒரு சின்ன ஒலியை எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, கேட்பவர் கவனிக்காத வேகத்தில் அதை மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆம்பியன்ட் முன்னோடியான பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஒரு ஆல்பம் வெளியிட்டார். வெவ்வேறு நீளமுள்ள டேப் சுருள்களை ஒன்றாக ஓடவிட்டு, அவை தாமாகவே புதிய சேர்க்கைகளில் சந்திக்கும்படி செய்த உத்தி அதில் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டிரம் மெஷினையும், சுரங்களை வரிசையாகத் தானே ஓட்டும் சீக்வென்சரையும் வைத்துச் செய்ததும் சுழற்சியில் வளரும் இசைதான், நடனத்துக்காக. பெர்லின் சுவர் விழுந்த பிறகு அந்த ஊர் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. 2024 மார்ச்சில் ஜெர்மனி பெர்லின் டெக்னோவைத் தன் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

சென்னையை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று நாளிதழ்கள் எழுதுவது கார் ஆலைகளுக்காக. மறைமலை நகரில் அப்படியோர் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்தியும்விட்டது. இசைக்காக யாரும் அப்படி எழுதியதில்லை.

இந்த இசைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மேல்நாட்டுச் சரக்குதானே?

இந்தக் கேள்வியை அலுப்போடு கேட்பவர்களும் உண்டு, ஆர்வத்தோடு கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் ஒன்றுதான். அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இலேயே ஒரு மின்னணு இசைக்கூடம் இருந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் மூக் சின்தசைசரோடு அதை அமைக்க உதவினார். அங்கே இந்தியர்கள் செய்த பதிவுகள் அலமாரியில் உறங்கிக் கிடந்து, 2023இல்தான் ஆல்பமாக வெளிவந்தன. மும்பையில் திரை இசைக் குழுக்களில் வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங், 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் டிஆர்-808 டிரம் மெஷின், டிபி-303 பேஸ் சின்தசைசர், ஜூபிடர்-8 கீபோர்டு சின்தசைசர் ஆகிய மூன்றையும் வைத்து பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்ததும் ஐரோப்பிய ரசிகர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். சிகாகோவில் ஆசிட் ஹவுஸ் என்ற பாணியைப் பிரபலமாக்கிய அதே டிபி-303 அதில் முன்கூட்டியே ஒலிக்கிறது.

நம் ஊர் சபாக்களில் மேடைக்கு மேடை உட்கார்ந்திருக்கும் எலக்ட்ரானிக் தம்புராவும் இந்தக் குடும்பம்தான். 1979இல் பெங்களூரு புல்லாங்குழல் கலைஞர் ராஜ் நாராயண் தொடங்கிய ராடெல் நிறுவனத்திலிருந்து வந்த கருவிகள் அவை. ஆம்பியன்ட் கேட்கப் பொறுமை இல்லை என்று சொல்லும் மாமாக்கள், சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்காருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோவிலில் தீபாராதனை நேரத்தில் மோட்டார் சுழன்று முரசையும் மணியையும் ஒரே சீராக அடிக்கிறதே, அதற்கு டெக்னோ என்று பெயர் வைக்கத் தடையாக இருப்பது பக்தி ஒன்றுதான்.

பெங்களூருக்கோ மும்பைக்கோ போய்விட வேண்டுமா?

சென்னை இந்த இசையை உருவாக்க நல்ல ஊர், வாசித்துக் காட்ட மோசமான ஊர். இதை ஒப்புக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபமாகிவிடும். இங்கே ஒலிப்பதிவுத் தொழில் பழுத்துக் கிடக்கிறது. நல்ல ஒலிப்பொறியாளர்கள், வாத்தியக் கலைஞர்கள், கருவி பழுது பார்ப்பவர்கள் எல்லாரும் ஆட்டோ தூரத்தில் இருக்கிறார்கள். திரைப்பட வேலை கிடைக்கிறது. வாடகை மும்பை அளவுக்குக் கழுத்தை நெரிப்பதில்லை. ஆனால் டெக்னோவுக்கென்று வாராவாரம் திறக்கும் இடம் கிடையாது. எனவே வசிப்பதும் வேலை செய்வதும் இங்கே, வாசிப்பது வேறெங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் புறப்பட்டால் மாலை நிகழ்ச்சிக்கு பெங்களூர் போய்ச் சேர்ந்துவிடலாம். அதற்காக அங்கே வீடு பார்க்க வேண்டியதில்லை.

கர்நாடக சங்கீதம் தெரிந்திருக்க வேண்டுமா? வீணை, நாதஸ்வரம் சேர்த்தால் தனித்துவம் வருமா?

தெரிந்திருந்தால் நல்லது, காட்டிக்கொள்ளாமல் இருந்தால் அதைவிட நல்லது. டெக்னோ தாளத்தின் மேல் வீணையை ஒட்டவைத்து 'ஃபியூஷன்' என்று விற்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. விளம்பரக்காரர்கள் அதைத்தான் கேட்பார்கள். அவர்களுக்குச் செய்து கொடுங்கள், பில் போடுங்கள், உங்கள் ஆல்பத்தில் வேண்டாம்.

நம் சங்கீதத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை உள்ளே இருக்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு. கிக் டிரம், அதாவது அடிமுரசு, நான்கு நான்காக, 16 படிகள் கொண்ட சுழற்சியில் ஓடட்டும். அதன்மேல் ஒரு ஹை-ஹாட்டை, அதாவது ஜால்ராபோல் ஒலிக்கும் தட்டை, 7 படிகளில் சுழலவிடுங்கள். இரண்டும் மீண்டும் ஒன்றாகத் தொடங்குவது 112ஆவது படி முடிந்த பிறகுதான், அதாவது ஏழு சுற்றுகள் கழித்து. அதுவரை கேட்பவர் ஒவ்வொரு சுற்றிலும் வேறு ஒரு தாளத்தைக் கேட்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். நீங்கள் எதையும் மாற்றியிருக்க மாட்டீர்கள். தனி ஆவர்த்தனத்தில் கோர்வை போடும் மிருதங்க வித்வானுக்கு இது பாலபாடம்.

சுருதி இன்னொன்று. அதை அளக்கும் அலகு சென்ட், கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட். கீபோர்டில் ஸட்ஜத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே 400 சென்ட். தம்புராவின் தந்தியில் காதுக்குத் தானாகக் கேட்கும் காந்தாரம் 386 சென்டில் இருக்கிறது. அந்த 14 சென்ட்தான், நீண்ட நேரம் நிற்கும் ஒலியில் அமைதிக்கும் அரிப்புக்கும் உள்ள வித்தியாசம். சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள் சின்தசைசர்களிலேயே சுருதியை மாற்றியமைக்கும் வசதி உண்டு. பத்து நிமிடம் ஓடும் ஆம்பியன்ட் செய்கிறவர் அதைத் தொடாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம்.

தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

கையிலிருக்கும் லேப்டாப், ஒரு நல்ல ஹெட்போன், மைக்கையும் ஸ்பீக்கரையும் லேப்டாப்போடு இணைக்கும் ஒரு சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ். இவ்வளவுதான். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர். வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, விசிவி ராக் ஆகிய மென்பொருள் சின்தசைசர்களை இலவசமாகவே பெறலாம். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருள் இந்த வகை இசைக்காரர்களிடம் அதிகம் புழங்குகிறது. அதை உருவாக்கியவர்களே டெக்னோ செய்துகொண்டிருந்த பெர்லின்காரர்கள்தாம்.

ஹார்ட்வேர் சின்தசைசர் ஆசை எல்லாருக்கும் வரும். சுங்கமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து வெளிநாட்டு விலையை வெகுவாக ஏற்றிவிடும் என்பதால் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இருப்பவர்கள் கூடுதலாக யோசிக்க வேண்டும். உப்புக் காற்று திருகு குமிழ்களின் தொடுமுனைகளை அரித்து, திருகும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வரும். மூடி வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். கேபிள், ஜாக், அதிர்வை ஒலியாகப் பிடிக்கும் பியசோ தகடு எல்லாவற்றுக்கும் ரிச்சி தெரு இருக்கிறது. சாலிடரிங் கற்றுக்கொண்டால் கேபிள் செலவு பாதியாகும்.

யுபிஎஸ் வாங்க மறக்காதீர்கள். மே மாத மின்வெட்டு நீங்கள் 'சேவ்' அழுத்தும்வரை காத்திருக்காது.

அபார்ட்மென்ட் அறையில் டெக்னோ மிக்ஸ் செய்ய முடியுமா?

முடியும், ஆனால் ஒலிகளை அளவு பார்த்துச் சேர்க்கும்போது அறை உங்களிடம் பொய் சொல்லும். சென்னை வீடுகளில் படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்து அல்லது பத்துக்குப் பன்னிரண்டு அடி, கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் பத்து அடி இருந்தால் சுமார் 57 ஹெர்ட்ஸில் ஒலி அலை நின்று முழங்கும். பன்னிரண்டு அடிக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ். டெக்னோ கிக்கின் அடிநாதம் இருப்பதோ அதே 45 முதல் 60 ஹெர்ட்ஸ் வரைதான். சுவரோரம் நின்றால் கிக் இடிபோல் கேட்கும், அறை நடுவே வந்தால் காணாமல் போகும். நாற்காலியை ஓர் அடி நகர்த்தி மிக்ஸ் செய்தால் வேறு பாட்டு வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியாக உள்ள அறை இருப்பதிலேயே மோசம். மூன்று அலைகளும் ஒரே ஹெர்ட்ஸில் குவியும்.

முட்டை அட்டை ஒட்டுவது வீண் வேலை. அது தாழ்ந்த ஒலிகளை ஒன்றும் செய்யாது. ஏசி குழாய், கூரைக் காப்புக்கு விற்கும் ராக்வூல் பலகைகளை மரச்சட்டத்தில் அடைத்து, துணி போர்த்தி, மூலைகளில் நிறுத்துங்கள். குறைந்தது நான்கு அங்குலத் தடிமன் வேண்டும். அதற்கு வழியில்லாதவர்கள் தாழ்ந்த ஒலிகளை ஹெட்போனில் சரிபார்க்கலாம். பிறகு ஒரு காருக்குள் போட்டுக் கேளுங்கள். கீழ்வீட்டுக்காரரின் பொறுமைக்கும் அதுதான் நல்லது.

ஊரின் ஒலிகளைப் பதிவு செய்து பயன்படுத்தலாமா? எங்கே போவது?

இந்த ஊரில் ஆம்பியன்ட் செய்கிறவருக்கு மிகப் பெரிய வசதி இதுதான் என்று நினைக்கிறேன். பறக்கும் ரயில் நிலையங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை, தேவைக்கு மீறிப் பெரிதாகக் கட்டி, பாதி காலியாக நிற்கும் கான்கிரீட் குகைகள். மதிய வேளையில் மேல்தளத்தில் ஒரு கைதட்டல் கரைந்து அடங்க வெகுநேரம் எடுக்கும். அந்தக் கைதட்டலைப் பதிவு செய்து கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற எதிரொலி மென்பொருளில் ஏற்றினால், உங்கள் சின்தசைசர் அதே நிலையத்துக்குள் ஒலிப்பதுபோல் கேட்கும். பாடப் புத்தகங்கள் பலூன் வெடிக்கச் சொல்லும். ரயில் நிலையத்தில் அந்த யோசனை வேண்டாம். கைதட்டல் போதும், அதையும் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

தெருமுனை டிரான்ஸ்பார்மரும் ஒரு வாத்தியம்தான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மரின் இரும்புக் கரு அதன் இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் முனகும். கீபோர்டில் 98 ஹெர்ட்ஸ் உள்ள ஜி சுரத்துக்குச் சற்றே மேலே. அதற்கேற்ப உங்கள் சின்தசைசரின் சுருதியை ஏற்றிக்கொண்டால், பின்னணியில் தெருவின் தம்புரா தயார். சாலையோரம் நின்று மைக்கை நீட்டினால் போதும். வேலிக்குள் போகாதீர்கள்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் குளிர்காலப் பறவைகள், மழைக்கால இரவில் தவளைகள். மனிதக் குரல் பதிவானால் அந்த மனிதரிடம் கேளுங்கள். ஏலம் கூறும் அம்மாவின் குரலை வெட்டி லூப்பாக்கி ஐரோப்பாவில் விற்றுவிட்டு, 'சூழல் ஒலி' என்று மட்டும் குறிப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

இசைக் கல்லூரியில் படித்தே ஆகவேண்டுமா?

இல்லை. ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்களில் படித்தால் நல்ல ஆசிரியர்களும், அதைவிட முக்கியமாக, பத்து வருடம் கழித்து உங்களுக்கு வேலை கொடுக்கப்போகும் சக மாணவர்களும் கிடைப்பார்கள். கட்டணம் கட்டக் கடன் வாங்க வேண்டியிருந்தால் யோசியுங்கள். இந்த இசையில் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

டிஜேயும் புரொட்யூசரும் ஒருவர்தானா?

வேறு வேறு தொழில். டிஜே மற்றவர்களின் இசைத்தட்டுகளைக் கோத்து ஓர் இரவை நடத்துகிறார், புரொட்யூசர் அந்தத் தட்டுகளை உருவாக்குகிறார். ஆனால் டெக்னோவில் மேடை வாய்ப்புகள் டிஜேவுக்குத்தான் அதிகம். உங்கள் டிராக் பிடித்துப்போய் அழைப்பவரும் "இரண்டு மணி நேரம் வாசிப்பீர்களா?" என்றுதான் கேட்பார். ஆகவே கற்றுக்கொள்ளுங்கள்.

சோறு போடுமா?

நேராகவே சொல்கிறேன். ஆம்பியன்ட், டெக்னோ ஆல்பங்களை மட்டும் வைத்துச் சென்னையில் குடும்பம் நடத்த முடியும் என்று நம்பி யாரும் இறங்க வேண்டாம். பெயர் ஓரிடத்திலிருந்து வரும், பணம் வேறிடத்திலிருந்து வரும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பணம் வரும் இடங்களில் முதலாவது கோடம்பாக்கம். இசையமைப்பாளருக்குக் கீழே புரோகிராமர் என்று ஒருவர் இருப்பார். மெட்டு வந்ததும் பீட், பேஸ், சின்தசைசர் ஒலிகளை அமைப்பது அவர் வேலை. பின்னணி இசை வேலை, அதாவது ரீ-ரெக்கார்டிங், தொடங்கினால் இரவு பகல் கிடையாது. திகில் காட்சிக்கு அடியில் உறுமும் ஒலிப்படலங்களை ஆம்பியன்ட் பழகியவர் அரை மணியில் செய்துவிடுவார். மற்றவர்கள் பகல் முழுக்கத் தேடுவார்கள். உங்கள் கலை இங்கேதான் காசாகிறது. இதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

அடுத்தது விளம்பரம், குறும்படம், அருங்காட்சியகம், நடன நிகழ்ச்சி ஆகியவற்றுக்கான ஒலியமைப்பு. சமகால நடனக் கலைஞர்களோடு வேலை செய்வதைக் குறிப்பாகச் சொல்வேன். ஊதியம் குறைவுதான், ஆனால் உங்கள் இசையை வெட்டாமல் நாற்பது நிமிடம் பயன்படுத்துவார்கள். பிறகு மிக்ஸிங், வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செப்பனிடும் மாஸ்டரிங், கற்பித்தல். கற்பித்தல் மாதா மாதம் வரும் வருமானம் என்பதால் அதற்குத் தனி மரியாதை.

வருமான வரி பற்றி ஒரு குறிப்பு. கம்பெனிகள் உங்கள் கட்டணத்தில் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிய வரி, என்று பிடித்துக்கொண்டு தரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அதிகம் பிடித்தது திரும்ப வரும். ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆடிட்டர் ஒருவரைப் பழக்கம் பிடித்து வையுங்கள்.

சினிமாவில் செய்யும் வேலைக்கு உரிமை எனக்கு உண்டா?

என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டீர்களோ அதைப் பொறுத்தது. வாய்ப் பேச்சாக முடிந்தால் பெயர்ப் பட்டியலில் பெயர் வருவதே சந்தேகம்.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான இரண்டு விஷயங்கள் பலருக்குத் தெரிவதில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே. அடுத்தது 2012ஆம் ஆண்டுத் திருத்தம். படத்தோடு திரையரங்கில் ஒலிப்பது தவிர மற்ற வகைகளில் இசை பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில், இசையமைத்தவரின் சம பங்கை அவரே நினைத்தாலும் விட்டுக்கொடுத்துவிட முடியாது. நீங்கள் இசையமைப்பாளராகக் குறிப்பிடப்பட்டிருக்கிறீர்களா, கூலிக்குப் புரோகிராமிங் செய்தவராகவா என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 'அனைத்து உரிமைகளும், உலகம் முழுதும், என்றென்றைக்கும்' என்ற வரியைக் கண்டால் பேனாவை மூடிவிட்டு, கட்டணத்தை உயர்த்திக் கேளுங்கள்.

சொந்தமாக வைத்திருக்கும் ஒலிகளை, ஊர் ஒலிப்பதிவுகளை, நீங்களே வடிவமைத்த சின்தசைசர் அமைப்புகளைச் சினிமா வேலையில் அள்ளிக் கொட்டாதீர்கள். உங்கள் ஆல்பத்துக்கென்று ஒரு தனிப் பெட்டி இருக்கட்டும்.

பழைய தமிழ்ப் பாட்டிலிருந்து இரண்டு விநாடி எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

இணையத்தில் பாட்டை அடையாளம் காணும் மென்பொருளுக்குத் தெரியும். மெட்டுக்கு ஒருவரிடமும் ஒலிப்பதிவுக்கு இன்னொருவரிடமும் அனுமதி வாங்க வேண்டும். 'இரண்டு விநாடிக்குள் என்றால் குற்றமில்லை' என்று ஒரு விதியும் கிடையாது.

ஸ்ட்ரீமிங்கில் என்ன வரும்?

சில்லறை வரும். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில் வந்தது. 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1000 தடவையாவது கேட்கப்படாத டிராக்குக்கு அங்கே ஒலிப்பதிவு ராயல்டியே கிடையாது. ஆறு டிராக் ஆல்பத்தில் இரண்டு டிராக் மட்டும் கேட்கப்பட்டால் மற்ற நான்கும் இலவசம்தான். மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் என்று அரை அரை நிமிடமாக நறுக்கிப் போட்டுக் காசு பார்த்தவர்களுக்கும் அதே ஆண்டு கதவு சாத்தப்பட்டது. அப்படிப்பட்ட ஒலிகள் குறைந்தது இரண்டு நிமிடம் இருக்க வேண்டும், மதிப்பும் இசையைவிடக் குறைவு. நாம் செய்வது அந்த வகையில் போய் விழாதபடி வெளியீட்டாளரிடம் வகையைச் சரியாகக் குறிப்பிடுங்கள்.

பேண்ட்கேம்ப் என்ற இசை விற்பனைத் தளம் வேறு கதை. அங்கே கேட்பவர் வாங்குகிறார். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, 5000 டாலர் விற்பனையைத் தாண்டினால் 10. 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் வெள்ளி' நாட்களில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. புதிய வெளியீட்டை அந்த நாளில் வைப்பது பழக்கமாகிவிட்டது. உங்கள் ஆல்பத்தை ஏழு டாலருக்கு வாங்கிய ஐம்பது பேரின் பட்டியல், பெயர் தெரியாத ஐம்பதாயிரம் ஸ்ட்ரீம்களைவிட உங்களுக்கு உபயோகப்படும். அவர்களில் ஒருவர் எங்கோ ஒரு சிறிய விழாவை நடத்துகிறவராக இருப்பார்.

ஐபிஆர்எஸ்ஸில் சேர வேண்டுமா?

சேருங்கள். ஐபிஆர்எஸ் என்கிற இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் 1969இல் தொடங்கப்பட்டது. உங்கள் இசை பொது இடத்திலோ, ஒலிபரப்பிலோ, இணையத்திலோ பயன்படும்போது இசையமைத்தவருக்குச் சேர வேண்டிய தொகையை வசூலித்துத் தருகிறது. வெளிநாட்டுச் சங்கங்களோடும் அதற்கு ஒப்பந்தம் உண்டு. சேர்வது மட்டும் போதாது, ஒவ்வொரு டிராக்கையும் பதிவு செய்ய வேண்டும். பெர்லினில் ஒரு டிஜே உங்கள் டிராக்கை வாசித்தார் என்று சந்தோஷப்படுகிறீர்களே, அது பட்டியலில் இல்லாவிட்டால் சந்தோஷம் மட்டும்தான் மிஞ்சும்.

லேபிளுக்கு எப்படி அனுப்புவது?

மூன்று அல்லது நான்கு டிராக், ஒரே தனிப்பட்ட இணைப்பு, ஐந்து வரிக் கடிதம். அந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், இதுவரை வெளியிட்டவற்றைக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். நூறு லேபிள்களை ஒரே மின்னஞ்சலில் கோத்து அனுப்பினால் நூறு பேரும் அழிப்பார்கள். சிறிய லேபிள்களில் செலவு போக மீதியைப் பாதிக்குப் பாதி பிரிப்பது பரவலான வழக்கம். வினைல் இசைத்தட்டு என்றால் பெரும்பாலும் 300 பிரதிகள்தான், அச்சாகி வர மாதக்கணக்கில் ஆகும். அதில் லாபம் பார்ப்பது அரிது. ஆனால் டிஜேக்களும் கடைக்காரர்களும் ஒரு தட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு இன்னமும் மதிப்பு இருக்கிறது.

சென்னையில் எங்கே வாசிப்பது?

டெக்னோவுக்கு: பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்குள் இருக்கும் மதுக்கூடங்கள். அங்கே மேலாளர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தெரிந்த பாட்டு கேட்பார். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, மூடிய அரங்குகள் தவிர மற்ற இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. அதனால் ஈசிஆர் பண்ணை வீடு, கடற்கரை என்று கனவு காண்பவர்கள் மாலை நான்கு மணிக்கே தொடங்கிவிட வேண்டும். எனக்கு அதில் குறை இல்லை. வெயில் சாயும் நேரத்தில் டெக்னோ நன்றாகவே இருக்கும்.

ஆம்பியன்டுக்கு நிலைமை தேவலாம். நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கெத்தே நிறுவனத்திலும், அதே பகுதியில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸிலும் அரங்குகள் உண்டு. ஓவியக் கூடங்கள், யோகா கூடங்கள், மொட்டை மாடிகளிலும் நடத்தலாம். முப்பது பேர், பாய், இரண்டு நல்ல ஸ்பீக்கர். மின்விசிறியை அணைத்துவிடாதீர்கள், ஏப்ரலில் ரசிகர்கள் மயங்கி விழுந்தால் அது இசையால் அல்ல. மார்கழியில் மட்டும் நிகழ்ச்சி வைக்க வேண்டாம். அந்த மாதம் இந்த ஊரின் காதுகள் சபாக்களுக்குச் சொந்தம்.

வெளிநாட்டில் வாசிக்க அழைப்பு வந்தால்?

முதலில் ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம், விமானம், தங்குமிடம், யார் விசாச் செலவு கொடுப்பது என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். காசு வாங்கி வாசிக்கப் போகிறவர் சுற்றுலாக் காரணம் சொல்லி விசா கேட்கக் கூடாது.

கருவிகளைப் பற்றி ஒன்று. சின்தசைசரையோ மிக்சரையோ எடுத்துப் போகும்போது, பெட்டியை ஒப்படைக்கும் முன்பே விமான நிலையச் சுங்க அதிகாரியிடம் காட்டி, வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது, உங்கள் சொந்தக் கருவிக்கே வரி கேட்கலாம். விடியற்காலை மூன்று மணிக்கு மீனம்பாக்கத்தில் நின்றுகொண்டு "இது நான் கொண்டுபோனதுதான் சார்" என்று நிரூபிப்பது எளிதல்ல.

காது பாதுகாப்பு உண்மையிலேயே அவசியமா?

85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். டெக்னோ கூடத்தில் அதைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இசைக்காரர்களுக்கான காதடைப்பான் வாங்குங்கள், பஞ்சு போதாது. ஒலிக்கும் காது ஆம்பியன்ட் செய்கிறவரின் தொழிலையே முடித்துவிடும். அமைதி என்று அவர் நினைப்பதில் எப்போதும் ஒரு விசில் இருக்கும்.

மகள் பி.இ. முடித்துவிட்டு இதைத்தான் செய்வேன் என்கிறாள். என்ன செய்வது?

அம்மா, அப்பா இருவருக்கும்: அவள் செய்து முடித்த டிராக்குகளைக் கேளுங்கள். முடித்தவை இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. பாதியில் நிற்கும் நூறு கோப்புகள் பொழுதுபோக்கு. வெளியான ஒரு ஆல்பம், அது சின்னதாக இருந்தாலும், தொழிலின் தொடக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே முதல் இரண்டு ஆல்பங்களைச் செய்வதில் தவறில்லை. ஈனோ பாணி இசைக்கு வயது வரம்பும் கிடையாது. சினிமா வேலைக்குப் போனால், இரவு வேலை முடிந்து வண்டி எப்படி, யார் உடன் என்பதை இசையமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்லுங்கள். நல்ல ஒலிப்பதிவுக் கூடங்கள் அதற்கு ஏற்பாடு செய்கின்றன. செய்யாத கூடத்துக்குப் போக வேண்டியதில்லை.

என் டிராக்கைக் கேட்டுக் கருத்துச் சொல்வீர்களா?

சொல்வேன். ஒன்று மட்டும் அனுப்புங்கள், முடித்ததை அனுப்புங்கள். எந்த அறையில், எதில் கேட்டு மிக்ஸ் செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். 'உண்மையான கருத்து வேண்டும்' என்று கேட்டுவிட்டு, சொன்ன பிறகு மூன்று பக்கம் விளக்கம் எழுதுகிறவர்கள் முதலிலேயே பாராட்டு வேண்டும் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபம். மார்கழியில் அனுப்பினால் தை பிறந்த பிறகுதான் கேட்பேன். சபா கான்டீன்களில் எனக்கு வேலை இருக்கிறது.